பழைய பட்டியலைப் பார்த்து வீட்டில் யாரையும் திட்டாதீர்கள், லேப்டாப்பை ஃபார்மட்டும் அடிக்காதீர்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஒன்றுக்கு மேல் கம்ப்யூட்டர் வைத்து, ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் பொதுவாக ஷேர் செய்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு வரும் புகார் ஒன்றுதான். அது இரண்டு உருவத்தில் வரும். “ஷேர் ஃபோல்டர்ல போட்டேன் சார், அங்க போய்ப் பார்த்தா காணோம்” என்பது ஒன்று. “அழிச்சு ஒரு வாரம் ஆச்சு சார், என் லேப்டாப்ல மட்டும் இன்னும் நிக்குது” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்: அந்தத் திரையில் தெரிவது பழைய பட்டியல். ஆனால் வீடுகளில் அப்படி யாரும் பேசுவதில்லை. “நீ சேவ் பண்ணியிருக்க மாட்டே”, “அப்பா எதையோ அமுக்கிட்டார்”, “குழந்தை கைல குடுத்தா இப்படித்தான்” என்று ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வயதானவர் இருக்கும் வீடென்றால் பழி நேராக அவர் மேல். அவரும் இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாம் முறை கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. நான் இதை எழுத அதுதான் காரணம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கூடத்தில் ஒரு டெஸ்க்டாப். அதில் “வீடு” என்று ஒரு ஃபோல்டர். அறையில் இருக்கும் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். லேப்டாப், வைஃபை வழியாக டெஸ்க்டாப்பிடம் “உன்னிடம் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்கிறது. டெஸ்க்டாப் ஒரு பட்டியல் கொடுக்கிறது. லேப்டாப் அதை உங்களுக்குக் காட்டிவிட்டு, ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் திரும்பத் திரும்பக் கேட்டால் நெட்வொர்க் திணறும் என்பதால் இந்த ஏற்பாடு. கேச் என்கிறார்கள். (சர்வீஸ் தம்பி ஒருவர் “கேஷ் கிளியர் பண்ணணும்மா” என்றதும் ஒரு அம்மா பர்ஸைத் தேடி உள்ளே போனது எங்கள் தெருவில் நடந்த கதை.)

விண்டோஸில் இந்தப் பிரதி எவ்வளவு நேரம் செல்லும் தெரியுமா? ஃபோல்டர் பட்டியலுக்கு 10 விநாடி. ஒரு ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களுக்கும் 10 விநாடி. “அப்படி ஒரு ஃபைல் இல்லை” என்ற பதிலுக்கு 5 விநாடி. நாமாக மாற்றாத வரை இதுதான் கணக்கு. ஆக, நீங்கள் ஃபைலைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு நடந்து போய்ப் பார்க்கும்போது இல்லையென்றால், அந்த நடைக்குள் பிரதி காலாவதி ஆகியிருக்க வேண்டும். எஃப்5 அழுத்தினால் வந்துவிட வேண்டும். ஒரு நாள், ஒரு வாரம் என்று பழைய பட்டியல் நிற்கிறதென்றால் அதற்கு இந்தப் பத்து விநாடி காரணமே இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்திருக்கிறோம் அல்லவா? காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. காலைப் பதிவில் 42 பேர். பதினொரு மணிக்கு ஒரு பையன் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகிறான். அப்போதும் பதிவேட்டில் 42 தான் இருக்கும். பதிவேடு பொய் சொல்கிறது என்று எந்தத் தலைமையாசிரியரும் சொன்னதில்லை. ஏனென்றால் அது “காலை” என்ற கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. எந்த நேரத்துக் கணக்கு என்று பார்த்தவுடன் தெரியும். பேங்க் பாஸ்புக்கிலும் தேதி இருக்கிறது. மின் அட்டையில் ரீடிங் எடுத்த தேதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஃபோல்டரில் மட்டும் அது இல்லை. ஃபைல் எப்போது மாறியது என்று காட்டும். அந்தப் பட்டியலை எப்போது வாங்கி வந்தோம் என்று காட்டாது. இந்த நிமிடத்துப் பட்டியலும் போன புதன்கிழமைப் பட்டியலும் ஒரே வெள்ளைப் பின்னணியில், ஒரே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு நிற்கும். மேலே ஒரு மூலையில் “மாலை 4.10-க்குப் பார்த்தது” என்று சின்னதாகப் போட்டால் எத்தனை வீட்டுச் சண்டை குறையும்! இந்த மென்பொருட்களை எழுதுகிறவர்களுக்கு அந்த நேரம் தெரியும். பத்து விநாடி ஆயிற்றா என்று எண்ணுவதே அவர்கள்தானே. தெரிந்தும் நமக்குக் காட்டுவதில்லை என்பதுதான் என் குறை. தொழில்நுட்பம் தெரியாதவர்களைக் குழப்பக்கூடாது என்று பதில் சொல்வார்கள். மணி பார்க்கத் தெரியாதவர் யார்?

சரி, விஷயத்துக்கு வருவோம். “பட்டியல் பழசு” என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு பட்டியல்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களின் பட்டியல். இன்னொன்று, “நெட்வொர்க்” என்பதை அழுத்தினால் வரும் கம்ப்யூட்டர்களின் பட்டியல். இந்த இரண்டாவதின் வரலாறு சுவையானது, கணக்கு வாத்தியாருக்கு ஏற்றது.

பழைய விண்டோஸ்களில் நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 12 நிமிடத்துக்கு ஒரு முறை “நான் இருக்கிறேன்” என்று குரல் கொடுக்கும். ஒரு கம்ப்யூட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். வகுப்புத் தலைவன் மாதிரி. அந்தத் தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கம்ப்யூட்டர்களுக்குள் தேர்தலே நடக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதற்குப் பெயரே தேர்தல்தான். மூன்று முறை ஒரு கம்ப்யூட்டரின் குரல் வராவிட்டால்தான் தலைவன் அதன் பெயரை அடிப்பான். மூன்று பன்னிரண்டு 36 நிமிடம். தலைவனிடமிருந்து துணைத்தலைவன் பட்டியலைப் பிரதி எடுப்பது 15 நிமிடத்துக்கு ஒரு முறை. உங்கள் கம்ப்யூட்டர் துணைத்தலைவனிடம் கேட்டிருந்தால் 36-ம் 15-ம் 51. ஆக, பிளக்கைப் பிடுங்கிவிட்ட கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட ஒரு பீரியட் முழுக்க “நெட்வொர்க்”கில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். கிளிக் செய்தால் “கிடைக்கவில்லை” என்று வரும். எங்கள் காலத்துப் பள்ளிக் கணினி அறைகளில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத ஆசிரியர் குறைவு.

இப்போது அந்த முறை போய்விட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க மருத்துவமனைகள், அலுவலகங்கள் என்று புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அது புகுந்தது ஃபைல் ஷேரிங்கின் மிகப் பழைய முறையான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக. அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதோடு ஒட்டியிருந்த மேற்படி தலைவர் தேர்தல் முறையும் போயிற்று. புதிய முறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வரும்போது “வந்துவிட்டேன்” என்றும் கிளம்பும்போது “போய்வருகிறேன்” என்றும் தானே சொல்ல வேண்டும். கரண்ட் போனால் சொல்லிக்கொள்ள ஏது நேரம்? அப்போது பெயர் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்யும்.

இதில் ஒரு பெரிய விளைவு இருக்கிறது. புதிய முறை தெரியாத பழைய பெட்டிகள் (பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டி, ரூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகிய டிஸ்க் முதலியன) பட்டியலில் வராமலே போகலாம். ஆனால் பெயரையோ எண்ணையோ நேராகத் தட்டினால் பல சமயம் திறந்துவிடும். பட்டியலில் இல்லை என்பதால் பெட்டி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்னும் மோசம், யூடியூபில் யாரோ சொன்னார் என்று எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்து வைத்திருப்பவர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பெயர் பட்டியலில் தெரிவதற்காக வாசல் கதவைக் கழற்றி வைக்கிற வேலை அது. அடிக்கடி போகும் ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டால் “நெட்வொர்க்” பட்டியல் பக்கமே போக வேண்டியதில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரே பட்டியலில் வரவில்லையென்றால் இரண்டு இடம் பாருங்கள். வைஃபை “பப்ளிக்” என்று குறிக்கப்பட்டிருந்தால் “பிரைவேட்” ஆக்குங்கள். சர்வீசஸ் பட்டியலில் “ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்” என்று ஒன்று இருக்கும், அதை “ஆட்டோமேட்டிக்” ஆக்குங்கள். பெரும்பாலும் முடிந்துவிடும்.

இனி ஃபைல் பட்டியல். இதுதான் முக்கியம்.

என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: பட்டியலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஃபோல்டர் எந்தக் கம்ப்யூட்டரில் குடியிருக்கிறதோ அங்கே போய் உட்காருங்கள். அங்கே ஒரு புது ஃபைல் உண்டாக்கி, அதற்கு நேரத்தையே பெயராக வையுங்கள், “சோதனை 4-35” என்று. பிறகு லேப்டாப்பில் வந்து பாருங்கள். எஃப்5 தட்டினால் வருகிறதா? வந்தால் பிரச்சினை ஒன்றுமில்லை, காலையில் திறந்து வைத்த ஜன்னலை மாலை வரை மூடாமல் வைத்திருந்தீர்கள், நடுவில் டெஸ்க்டாப் தூங்கிப் போயிருக்கும் அல்லது வைஃபை விட்டு விட்டு வந்திருக்கும். ஏதாவது மாறினால் சொல்லி அனுப்பு என்று லேப்டாப் கேட்டு வைத்திருக்கும், அந்தச் சேதி வழியில் தொலைந்திருக்கும்.

வரவில்லையா? அடுத்து, பெயருக்குப் பதில் எண்ணால் போய்ப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் ஐபி எண் 192.168.1.10 என்று வைத்துக்கொண்டால், லேப்டாப்பின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்று தட்டி அதே ஃபோல்டரைத் திறக்க வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி நோயைச் சொல்லிவிடும். எண்ணால் போனால் புதுப் பட்டியலும் பெயரால் போனால் பழைய பட்டியலும் வந்தால், பெயர் உங்களை வேறெங்கோ அழைத்துப் போகிறது என்று அர்த்தம்.

வேறெங்கோ என்றால்? ஒரு சாத்தியம், கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் எண்களை மாற்றிக் கொடுத்திருக்கும், லேப்டாப் பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு சில நிமிடங்களில் தானே மறையும். அவசரமென்றால் ரீஸ்டார்ட். நிரந்தரத் தீர்வு, ரூட்டர் அமைப்புக்குள் போய் ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரே எண் எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கி வைப்பது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

இன்னொரு சாத்தியம்தான் விபரீதமானது. அதை ஒரு வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

பெரியவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பெரிய வைத்தியம் நடந்தது. மருத்துவச் செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும். மருந்துக்கடை ரசீதுகள் எல்லாம் அந்த வழவழ தாளில் அச்சடித்தவை. சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும் என்று தெரிந்து, மருமகள் ஒவ்வொன்றையும் வந்த அன்றே ஸ்கேன் செய்து “வீடு” ஃபோல்டரில் போட்டு வந்தது. நல்ல காரியம். அந்தப் பெண்ணின் லேப்டாப், அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்ததைக் கடையில் சரிபார்த்து விற்கும் வகை. நேராக அதிலிருந்தே ஷேர் ஃபோல்டரில் சேமிக்கும், லேப்டாப்பில் தனிப் பிரதி கிடையாது.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்த பெரியவர் கூடத்து டெஸ்க்டாப்பில் திறந்து பார்க்கிறார். கடைசி இரண்டரை மாத ரசீது ஒன்றுகூட இல்லை. அசல் தாள்களை எடுத்தால் பாதி வெளுத்துக் கிடக்கிறது. “நான் போட்டேன் மாமா, என் லேப்டாப்ல பாருங்க, இருக்கு” என்கிறது பெண். “உன் லேப்டாப்ல இருந்தா எப்படிம்மா, ஷேர்ல போடணும்னுதானே சொன்னேன்” என்கிறார் இவர். “அது ஷேர்தான் மாமா.” மகன் இரண்டு பக்கமும் பேச முடியாமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

வந்த தம்பி லேப்டாப் மெதுவாக இருக்கிறது, வைரஸாக இருக்கும், ஃபார்மட் அடித்து ஓ.எஸ். புதிதாகப் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். பேக்கப் எடுக்க வேண்டாமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: “ஷேர் ஃபோல்டர்ல இருக்கிறது டெஸ்க்டாப்ல பத்திரமா இருக்கும் சார். லேப்டாப்ல எடுக்க ஒண்ணும் இல்ல.” கேட்டால் சரியாகத்தான் தோன்றும். அந்த இடத்தில்தான் அந்த அம்மாள் என்னை அழைத்து வரச் சொன்னார்கள்.

நான் செய்தது மேலே சொன்ன எண் சோதனைதான். லேப்டாப்பில் பெயரால் திறந்தால் ரசீதுகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணால் திறந்தால் டெஸ்க்டாப்பில் உள்ளது போலவே, ஒன்றும் இல்லை. ஒரே லேப்டாப், ஒரே ஃபோல்டர், இரண்டு பட்டியல். ஜன்னலின் கீழ்ப்பட்டையைப் பார்த்தேன். “ஆஃப்லைன்” என்று இருந்தது.

விண்டோஸின் புரோ போன்ற பதிப்புகளில் “ஆஃப்லைன் ஃபைல்ஸ்” என்று ஒரு வசதி உண்டு. ஹோம் பதிப்பில் கிடையாது. நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அலுவலக ஃபோல்டரில் வேலை செய்வதற்காக வைத்தது. ஷேர் ஃபோல்டரின் முழுப் பிரதியை லேப்டாப் தனக்குள் மறைவாக வைத்துக்கொள்ளும். ஆஃப்லைனில் இருக்கும்போது நீங்கள் பார்ப்பது அந்தப் பிரதி. சேமிப்பதும் அந்தப் பிரதியில். பெயர், பாதை, படம் எல்லாம் அசல் மாதிரியே. மறுபடி ஆன்லைனுக்கு வந்து ஒத்திசைத்தால்தான் அசல் ஃபோல்டருக்குப் போய்ச் சேரும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து “எப்போதும் ஆஃப்லைனில் கிடைக்கட்டும்” என்பதை எப்போதோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிறகு மேலே உள்ள மெனுவில் “வொர்க் ஆஃப்லைன்” என்ற பொத்தானும் அழுந்தியிருக்கிறது. இரண்டும் ஒவ்வொரு கிளிக். எச்சரிக்கை, ஒலி, சிவப்பு எழுத்து எதுவும் கிடையாது. அந்தப் பெண் இரண்டரை மாதமாக ஒழுங்காகச் சேமித்து வந்திருக்கிறது, எல்லாம் லேப்டாப்பின் மறைவிடத்தில்.

அந்தத் தம்பி ஃபார்மட் அடித்திருந்தால் ஸ்கேன்கள் அத்தனையும் போயிருக்கும். டெஸ்க்டாப்பில் கிடையாது, தாளிலும் எழுத்து கிடையாது. அதன்பின் அந்தப் பெண் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அவசரப்பட்டு ஆன்லைனுக்கு மாற்றவில்லை. முதலில் ஒரு பென் டிரைவ் செருகி, பெயரால் திறந்த அந்த ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். நகல் எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் நாலைந்து ரசீது திறந்து பார்த்தேன். அதன்பிறகு “வொர்க் ஆஃப்லைன்” பொத்தானை மறுபடி அழுத்தி, கன்ட்ரோல் பேனலில் “சிங்க் சென்டர்” திறந்து ஒத்திசைக்கச் சொன்னேன். வரவு செலவு எக்செல் ஒன்று இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருத்தப்பட்டிருந்தது, எதை வைக்க என்று கேட்டது. இப்படிக் கேட்டால் எப்போதும் “இரண்டையும் வை” என்பதையே தேர்ந்தெடுங்கள். எது சரி என்று பிறகு ஆற அமரப் பார்க்கலாம். கூடத்தில் பெரியவர் எஃப்5 தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றாக ரசீதுகள் வந்து விழுந்தன. “வருதும்மா, வருது” என்றார். அந்தப் பெண் அறையிலிருந்து வெளியே வரவில்லை. அவர்தான் எழுந்து போனார்.

சர்வீஸ் தம்பியையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஆறு வீடு போகிறவர். ஒரு வீட்டில் அரை மணி உட்கார்ந்து யோசித்தால் அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? ஃபார்மட் அடித்தால் கண்ணுக்குத் தெரிகிற வேலை, காசு கொடுப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரு பொத்தானை அழுத்திச் சரி செய்தால் “இதுக்கா ஐந்நூறு?” என்று கேட்கிறவர்கள் நாம்தான். நோயைக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்கப் பழக வேண்டும். டாக்டரிடம் கொடுக்கிறோமே.

இனி இரண்டு சின்ன விஷயம்.

இணையத்தில் தேடினால் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் “டைரக்டரி கேச் லைஃப்டைம்” என்பதைப் பூஜ்யம் ஆக்கு என்று பல இடத்தில் சொல்லியிருக்கும். மேலே சொன்ன பத்து விநாடிக் கணக்கு அதுதான். ஒரு மென்பொருள் ஃபைலைப் போட்ட மறு விநாடியே இன்னொன்று அதை எடுக்க வேண்டிய அலுவலகத்துக்கு அது பயன்படலாம். வீட்டில் வேண்டாம். உங்கள் பட்டியல் ஒரு வாரம் பழையது என்றால் பத்து விநாடியைப் பூஜ்யம் ஆக்கி என்ன லாபம்? ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து வேறெதையாவது மாற்றிவிடும் அபாயம்தான் மிச்சம்.

இரண்டாவது, போனில் இருக்கும் படங்களையோ பென் டிரைவில் இருப்பதையோ ஷேர் ஃபோல்டருக்கு மாற்றுகிறவர்களுக்கு. “கட்” செய்து “பேஸ்ட்” செய்யாதீர்கள். “காப்பி” செய்யுங்கள். அசலை அழிப்பதற்கு முன்னால், நகல் எடுத்த அதே கம்ப்யூட்டரில் பார்க்காமல், ஃபோல்டர் குடியிருக்கும் கம்ப்யூட்டரில் போய் நாலு படத்தைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிவது போதாது. திறக்க வேண்டும். மாணவன் “வீட்டுப்பாடம் எழுதிட்டேன் சார்” என்றால் நோட்டை விரித்துக் காட்டச் சொல்வோம் இல்லையா, அதே மாதிரி. அப்படித் திறந்து பார்த்தபின் எத்தனை படம் என்ற எண்ணிக்கையையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இதுபற்றி சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம், இன்பாக்ஸிலும் வரலாம். வெறுமனே “ஃபைல் வரல சார்” என்று எழுதாதீர்கள். ஃபோல்டர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எதில் பார்க்கிறீர்கள், இரண்டிலும் என்ன விண்டோஸ், ஹோமா புரோவா, எண்ணால் திறந்தால் என்ன வருகிறது, இவ்வளவும் எழுதுங்கள். திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நடுப்பகுதியை மட்டும் எடுக்காமல் ஜன்னலின் கீழ்ப்பட்டையும் விழும்படி எடுங்கள். ஆஃப்லைன் என்ற சொல் இருந்தால் அங்கேதான் இருக்கும். நாளை எங்கள் பகுதியில் மின் பராமரிப்பு, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பதில் போட முடியும்.